மூன்றாம் தொட்டித் தண்ணீர்

பச்சைப்பயறு முளைக்கவில்லை. எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

இரண்டு கிண்ணம். ஒன்றில் பூமயில் தனக்கென்று ஊறப்போட்ட பயறு, ஒன்றாம் தொட்டித் தண்ணீரில். இன்னொன்று தம்பி மனைவி முத்துராக்குவுக்காக, மூன்றாம் தொட்டித் தண்ணீரில். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சிக்கு இருப்பதிலேயே நல்ல தண்ணீரில் முளைகட்டிக் கொடுக்க வேண்டாமா? இரண்டாம் நாள் காலையில் துணியை விலக்கிப் பார்த்தால், அவள் கிண்ணத்துப் பயறு வெள்ளை வெள்ளையாக வால் விட்டுக் கிடக்கிறது. ராக்குவின் கிண்ணத்தில் பயறு உப்பிப்போய் உட்கார்ந்திருக்கிறதே தவிர முளையைக் காணோம். மூன்றாம் நாளும் பார்த்தாள். ஒன்றிரண்டு பயறு மட்டும் மனசே இல்லாமல் மூக்கை நீட்டியிருந்தது.

ஒரே பைப் பயறு. ஒரே துணி, ஒரே அலமாரி. தண்ணீர் மட்டும்தான் வேறு.

வேறு யாராவது என்றால் பயறு பழசு என்று கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். பூமயிலால் அப்படிப் போக முடியாது. செங்கிடங்கில் குடிக்கிற ஒவ்வொரு சொட்டுத் தண்ணீருக்கும் கையெழுத்துப் போடுகிறவள் அவள்தான்.

செங்கிடங்கு எங்கே என்று கேட்பீர்கள். செவ்வாய்க் கிரகத்தில், தரைக்கு நாற்பது மீட்டர் கீழே. நிறுவனத்தின் காகிதங்களில் அதற்கு ‘தளம் நான்கு’ என்று பெயர். அந்தப் பெயரை நம் ஆட்கள் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. அறுநூறு பேர். முக்கால்வாசிப் பேர் ராமநாதபுரம், தூத்துக்குடிக் கடற்கரையில் இருந்து பனிக்கட்டி வெட்ட வந்தவர்கள். வெட்டிய பனியை உருக்கி, மின்சாரம் பாய்ச்சிப் பிரித்து, விண்வெளிப் பெருங்கப்பல்களுக்கு எரிபொருள் செய்கிற ஆலையை நம்பித்தான் அத்தனை பேரின் பிழைப்பும்.

இந்த ஜனங்களுக்கு ஒரு குணம் உண்டு. சோற்றில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். தண்ணீரில் குறை இருந்தால் பொறுக்க மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாக உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டியவர்கள் இல்லையா? ஒரு வாய் குடித்துவிட்டு ‘சப்புன்னு இருக்கு’, ‘லேசாக் கரிக்குது’, ‘இது நல்ல தண்ணி’ என்று நாக்கிலேயே தரம் பிரித்துவிடுவார்கள். ஒன்றாம் தொட்டியும் இரண்டாம் தொட்டியும் நாம் விட்ட தண்ணீரையே திரும்பச் சுத்தம் செய்து கொடுப்பவை. சுத்தம்தான். ஆனால் மருந்து வாடை. மூன்றாம் தொட்டி ஆலையை ஒட்டி இருந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு சின்னக் குழாய். அந்தத் தண்ணீர் இனித்தது. கற்கண்டு போட்ட மாதிரி இல்லை. குடித்து முடித்த பிறகு நாக்கின் நுனியில் லேசாக ஓர் இனிப்பு நிற்கும். ரெண்டு வருஷமாக அந்த இனிப்பு இன்னும் ஏறியிருந்தது. விடுவார்களா? வீட்டுக்கு ஒரு குடம் என்று வரிசை போட்டார்கள். செவ்வாயில் எடை குறைவு, மூன்று குடத்தை ஒரே இடுப்பில் தூக்கிக்கொண்டு போகலாம். அந்தத் தண்ணீர் சற்றுக் கனம் என்று ஒருத்தர் இடுப்புக்கும் தெரியவில்லை.

இதற்கு நடுவில் கிடங்கில் ஒரு சோகமும் தொடங்கியிருந்தது. இருபது மாதத்துக்குள் நாலு பெண்களுக்கு வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை. முதலில் செய்யதம்மாளுக்கு. திரும்பச் சுத்தம் செய்த தண்ணீர்தான் காரணம் என்று ஊரே பேசியது. பூமயிலும் அப்படித்தான் நினைத்தாள். மூன்றாம் தொட்டியைச் சோதித்தாள். உப்பு இல்லை, கிருமி இல்லை, புளிப்பும் காரமும் சமன். உடனே ஒரு சீட்டு எழுதினாள்: ‘கர்ப்பிணிகளுக்கு மூன்றாம் தொட்டி நீர், தினம் இரண்டு செம்பு.’ கீழே கையெழுத்து. அதற்குப் பிறகு இன்னும் மூன்று பிள்ளைகள் போயின. கடைசியாகப் போனது இருதயமேரியின் ஐந்து மாதப் பிள்ளை.

இப்போது கிடங்கில் இருந்த ஒரே பிள்ளைத்தாய்ச்சி ராக்கு மட்டும்தான். அவளுக்கு ஒரு மாதமாகத் தலைசுற்றல். பிள்ளையும் வளர்த்தி போதவில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

பூமயில் இரண்டு பயறுக் கிண்ணங்களோடும் சோதனை அறைக்குப் போனாள். மூன்றாம் தொட்டித் தண்ணீரை மறுபடி எல்லாக் கருவியிலும் விட்டுப் பார்த்தாள். பழையபடியேதான். இதைவிடச் சுத்தமான தண்ணீர் பூமியிலேயே கிடைக்காது என்று ஒவ்வொரு கருவியும் சத்தியம் பண்ணியது. அவளுக்கு எரிச்சல் வந்தது. மேசை மேல் கண்ணாடிக் குழாய் ஒன்று கிடந்தது. அடியில் ஈயக் குண்டு, உடம்பெல்லாம் கோடு. ஆலையில் காரக் கரைசலின் அடர்த்தி பார்க்க வைத்திருப்பது. உப்பளத்தில் அதே குழாயைப் பாத்தியில் மிதக்கவிட்டு ‘டிகிரி’ பார்ப்பார்கள். உப்பு ஏற ஏறத் தண்ணீர் கனக்கும், குழாய் மேலே எழும்பும். பூமயில் உப்பளக்காரர் வீட்டுப் பெண். ஏதோ ஒரு கோபத்தில் அதை எடுத்து மூன்றாம் தொட்டித் தண்ணீருக்குள் விட்டாள்.

குழாய் எழும்பி நின்றது. ஐந்தரை டிகிரி.

ஒன்றாம் தொட்டித் தண்ணீரில் விட்டாள். சைபர். திரும்ப மூன்றாம் தொட்டி. ஐந்தரை. அந்த அளவுக்கு உப்பு இருந்தால் வாயில் வைக்க முடியாது, குமட்டும். இதிலோ உப்பு ஒரு துளி இல்லை.

“அட தெய்வமே, உப்பே இல்லாம இது எப்படிக் கனக்கும்?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

டாக்டர் நஸீமாவிடம் ஓடினாள். கிடங்குக்கு ஒரே டாக்டர், ஐம்பது வயது, எதற்கும் குரலை உயர்த்தாதவர். குழாயையும் கிண்ணங்களையும் பார்த்துவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

“பூமயில், தண்ணீர்னா என்ன?”

“ரெண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். பள்ளிக்கூடத்துப் பிள்ளையக் கேட்டாலும் சொல்லும், டாக்டரம்மா.”

“அந்த ஹைட்ரஜன்ல ஒரு ரகம் இருக்கு, சாதாரணத்தைவிட ரெண்டு மடங்கு எடை. உள்ளே ஒரு நியூட்ரான் கூடுதல், அவ்வளவுதான். ஆக்சிஜனோட அதே மாதிரி சேரும், அதே மாதிரி தண்ணீர் ஆகும். உங்க கருவி எதுவும் அதைக் குத்தம் சொல்லாது. கனநீர்னு பேரு. லேசா இனிக்கும்.”

“இனிக்குமா?”

“இனிக்கும். நம்ம ஆலை கப்பல் எரிபொருளுக்குப் பிரிச்சு எடுக்கிறதே அந்த ரகத்தைத்தான். இது எப்படிக் குடிக்கிற தொட்டிக்கு வந்ததுன்னு எனக்குத் தெரியல. ஐந்தரை டிகிரின்னா நூத்துக்கு முப்பத்தேழு பங்காவது இருக்கும்.”

“இனிக்கிறதோட நின்னுட்டா நல்லதுதானே. என்ன கெடுதல் பண்ணும், அதச் சொல்லுங்க.”

நஸீமா முளைக்காத பயறு ஒன்றை எடுத்து விரலில் உருட்டினார். “பிடிச்ச பிடியைச் சீக்கிரம் விடாது. கனமில்லையா? நம்ம உடம்புல என்ன நடக்குதுன்னு நினைக்கிறீங்க? ஹைட்ரஜன் கை மாறிக்கிட்டே இருக்கு. சாப்பாடு செரிக்கிறது, புரதம் மடங்குறது, ஒரு செல் ரெண்டாப் பிரியறது, எல்லாத்துலயும் நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை ஒரு பிணைப்பு விட்டு இன்னொரு பிணைப்பு. கனமான ரகம் புகுந்தா ஒவ்வொண்ணும் கொஞ்சம் தாமதம். நமக்குத் தெரியாது, நாம வளர்ந்தாச்சு. தலை சுத்தும், புண் ஆற நாளாகும். ஒரே ஒரு செல்லுல ஆரம்பிச்சு பத்து மாசத்துல முழுப் பிள்ளையா ஆகவேண்டிய உயிருக்கு...”

அவர் பயறைக் கிண்ணத்திலேயே போட்டார்.

பூமயில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாலு பிள்ளை. ரெண்டு செம்பு குடி, ரெண்டு செம்பு குடி என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னது யார்?

“என் கையால எழுதுனேன் டாக்டரம்மா. நாந்தான் எழுதுனேன்.”

“நாம ரெண்டு பேரும் தெரியாமத்தான் செஞ்சோம். எனக்கும் தோணியிருக்கணும், தோணல. அழ இப்போ நேரம் இல்லை. ராக்குவோட மூச்சுக்காத்தை அளந்து பார்ப்போம்.”

மூன்று பேரையுமே அளந்தார்கள். ராக்குவின் உடம்பில் இருந்த தண்ணீரில் நூற்றுக்கு இருபத்தொன்று கனநீர். நல்ல சேதியும் ஒன்று இருந்தது. சாதாரணத் தண்ணீர் குடித்தால் பத்து நாளைக்கு ஒரு தடவை அது பாதிப் பாதியாகக் குறைந்துகொண்டே வருமாம். பிள்ளை வளர்த்தியைப் பிடித்துக்கொள்ள இன்னும் காலம் இருக்கிறது. “அதிகம் இல்லை, ஆனா இருக்கு” என்றார் நஸீமா.

ஆலை மேலாளர் தேவசகாயம் கேட்டதும் வெளிறிப்போனார். எட்டு மாதம் முன்புதான் அந்த வேலைக்கு வந்தவர்.

“அந்தக் குழாய் வரைபடத்துலயே இல்லையேம்மா! மூணாம் தொட்டி குடிக்கிறதுக்கே கிடையாது. ரெண்டு வருஷம் முன்னாடி உற்பத்தியைக் கூட்டினப்போ பாதி பிரிச்ச நடுக்கட்டத்துக் கனநீர் திரும்பி வர்ற பாதையை அதுல சேர்த்திருக்காங்க. அந்தச் சின்னக் குழாய் சும்மா சோதனைக்குத் தண்ணி எடுத்துப் பார்க்க வச்சது. ஜனங்க பிடிக்கிற தண்ணி குடிநீர்ப் பாதையில வர்றதுன்னு இல்ல நான் நினைச்சேன்!”

“நான் தொட்டிக்குப் பின்னால என்ன இருக்குன்னு கேக்கல. நீங்க குழாய்க்கு முன்னால யார் நிக்கிறாங்கன்னு கேக்கல” என்றாள் பூமயில்.

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது, பயந்த மனிதர். தொட்டியை இன்றைக்கே பூட்டிவிடலாம் என்றார். பழுதுபார்ப்பு என்று எழுதி ஒட்டிவிடலாம். ராக்கு ஒன்றாம் தொட்டித் தண்ணீர் குடிப்பாள், பிள்ளை பிழைத்துக்கொள்ளும். “அந்த நாலு பேர்கிட்டப் போய் உங்க பிள்ளைய நாங்கதான் கொன்னோம்னு சொன்னா, போன பிள்ளை திரும்பி வருமா? அவங்க தாங்குவாங்களா? நீங்க தாங்குவீங்களா? உங்க கையெழுத்து இருக்கு, யோசிச்சுப் பாருங்க.”

நஸீமாவுக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் ஏழு மாதக் கர்ப்பிணியிடம் இதைச் சொல்லிக் கலவரப்படுத்த வேண்டாம், பிள்ளை கொஞ்சம் தேறட்டும், பிறகு எல்லாருக்கும் சொல்லலாம் என்றார். பூமயில் தலையாட்டினாள். ராக்குவுக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதில் பாதிதான் நிஜம். மற்றப் பாதி, இருதயமேரியின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிச்சல் இல்லை. வெறும் பயம்.

மூன்றாம் தொட்டிக்குப் பூட்டு விழுந்தது. ‘பழுதுபார்ப்பு. ஒன்றாம் தொட்டி நீரைப் பயன்படுத்தவும்.’ ஜனங்கள் முணுமுணுத்தார்கள். அதிகாரியைத் திட்டினார்கள். அப்புறம் ஏனோ சத்தம் அடங்கிவிட்டது. பூமயிலுக்கு அதுவே ஆறுதலாக இருந்தது. அவள் தினமும் காலையில் ராக்கு வீட்டுக்குப் போய் ஒரு குடம் ஒன்றாம் தொட்டித் தண்ணீர் வைத்துவிட்டு வந்தாள்.

“மதினி, இது வாயில வைக்க வெளங்கல. மருந்து நாறுது” என்பாள் ராக்கு. இருபத்து நாலு வயதுப் பெண், சிரித்தால் கன்னம் குழியும். அவள் புருஷன், பூமயிலின் தம்பி, தூரத்துப் பனிச் சுரங்கத்தில் இருந்தான். வர இன்னும் இரண்டு மாதம் ஆகும்.

“மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடி ஆத்தா. எனக்காகக் குடி.”

“சரி சரி, குடிக்கிறேன்.” ராக்கு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஏதோ கள்ளம் இருந்தது. பூமயில் கவனிக்கவில்லை.

பதினோராம் நாள் ராக்குவுக்கு வளைகாப்பு. காலையில் டாக்டரம்மா மறுபடி மூச்சை அளந்து அனுப்பிவிட்டார். பூமயில் வளையல் தட்டோடு கிளம்பிக்கொண்டிருக்கும்போது நஸீமாவே நேரில் வந்து நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

“பாதியாகியிருக்கணும். பத்து, பதினொண்ணு. அவ்வளவுதான் இருக்கணும்.”

“எவ்வளவு இருக்கு?”

“இருபது.”

“கருவி கெட்டிருக்கும்.”

“என்னையும் திரும்ப அளந்து பார்த்துட்டுத்தான் வர்றேன். எனக்குச் சரியா இறங்கியிருக்கு. ராக்குவுக்கு மட்டும் இறங்கல. பிள்ளை ஒரு இம்மிகூட வளரல. பூமயில், அந்தப் பொண்ணு எங்கிருந்தோ அதைக் குடிச்சுக்கிட்டே இருக்கா.”

தொட்டிக்குப் பூட்டு. சாவி தேவசகாயத்திடம். எங்கிருந்து?

பூமயில் சோதனை அறைக்கு ஓடினாள், டிகிரிக் குழாயை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள், ராக்கு வீட்டுக்கு ஓடினாள். செவ்வாயில் ஓடுவது ஓட்டம் இல்லை, தாவல். ஒவ்வொரு தாவலிலும் தரை தாமதமாகத்தான் காலுக்குக் கிடைத்தது. சனியன், சீக்கிரம் வந்து தொலை என்று தரையையே திட்டினாள்.

ராக்கு வீட்டு வாசலில் ஏழு குடம். நீலம், பச்சை, சிவப்பு. ஒவ்வொன்றின் கழுத்திலும் பூக்கட்டும் நூல், வாயில் வெள்ளைத் துணி. பார்த்த மாத்திரத்தில் பூமயிலுக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர்ப் பஞ்சத்தில் வளர்ந்த ஜனம் ஒரு நல்ல குழாயை நம்பியா இருக்கும்? வீட்டுக்கு வீடு கட்டிலுக்கு அடியில் சேர்த்து வைத்திருந்திருக்கிறார்கள். தொட்டி பூட்டப்பட்டதும் தாங்கள் ஒரு வாய் குடிக்காமல், கிடங்கின் ஒரே பிள்ளைத்தாய்ச்சிக்கு முறைவைத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அதிகாரிக்குத் தெரிந்தால் பிடுங்கிக்கொள்வான் என்று ரகசியமாக. நாத்தனார்க்காரி தொட்டி ஆபீஸில் வேலை செய்கிறவள், அவளிடமும் மூச்சு விடாதே என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

உள்ளே இருபது பெண்கள். நடுவில் ராக்கு பட்டுச்சேலையில் மணை மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் இருதயமேரி, கையில் தம்ளர். பிள்ளையைப் பறிகொடுத்து நாலு மாதம்தான் ஆகிறது. அவள் தன் பங்குக் குடத்தில் இருந்து முகந்து, ராக்குவின் வாயருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

“குடி தாயீ. எனக்குன்னு எடுத்து வச்சிருந்தது. உன் பிள்ளையாவது நல்லாப் பிறக்கட்டும்.”

“குடிக்காத!” என்று கத்திக்கொண்டு பூமயில் தம்ளரைத் தட்டிவிட்டாள்.

தம்ளர் பறந்தது. தண்ணீர் மெதுவாக எழும்பி, மெதுவாக இறங்கி, ராக்குவின் சேலையெல்லாம் விழுந்தது. வளைகாப்பு வீட்டில், அதுவும் நாத்தனாரே இப்படிச் செய்தால் யார்தான் பொறுப்பார்கள்?

இருதயமேரி முதலில் எழுந்தாள். “ஏட்டி பூமயிலு, உனக்குப் பைத்தியமா? பிள்ளைய இழந்தவ கையால கொடுத்தா ஆகாதுன்னு தட்டிவிட்டியா?”

“ஐயோ, மேரியக்கா, அப்படி இல்ல...”

“பின்ன எப்படி?”

இப்போதுகூட ஒரு பொய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தண்ணீர் பழசாகிவிட்டது, கிருமி வந்திருக்கும் என்று சொன்னால் போதும், நம்பிவிடுவார்கள். கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். அதுதான் பிரச்சினை. எத்தனை கொதிக்கவைத்தாலும் அது போகாது. இன்னும் எத்தனை கட்டிலுக்கு அடியில் எத்தனை குடம் இருக்கிறதோ, அத்தனையும் அன்பாக, முறைவைத்து, இந்தப் பெண்ணின் வாய்க்குத்தான் வரும்.

பூமயில் டிகிரிக் குழாயை எடுத்தாள். முதல் குடத்தின் துணியை விலக்கி உள்ளே விட்டாள். உப்பளத்தில் வேலை பார்த்த கைகள் அந்த வீட்டில் பத்துக்குக் குறையாமல் இருந்தன. யாருக்கும் விளக்கத் தேவைப்படவில்லை.

“அஞ்சர டிகிரி” என்றாள் ஒருத்தி. “உப்பா? இனிக்கிற தண்ணியில உப்பா?”

“உப்பு இல்ல. தண்ணியே கனம். ஆலையில பிரிச்செடுக்கிற தண்ணி இது. கொடுக்கக் கூடாத தண்ணி. பயறு போட்டா முளைக்கல. வயித்துல இருக்கிற பிள்ளையும்...” இருதயமேரியின் பக்கம் திரும்பினாள். “மேரியக்கா, உனக்கும் செய்யதம்மாக்கும் மத்த ரெண்டு பேருக்கும் பிள்ளை தங்காமப் போனது இதனாலதான். முதல் பிள்ளை போனப்பவே நான் நிறுத்தியிருக்கணும். தெரியாமக் கூட்டிவிட்டேன். ரெண்டு செம்பு குடின்னு எழுதுனது நான்.”

செய்யதம்மாள் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள். யாரோ விம்மினார்கள். ராக்கு இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “மதினி, எம் பிள்ள?” என்றாள்.

“உன் பிள்ளை இருக்கு ஆத்தா. இப்போ நிறுத்துனா பிழைக்கும். டாக்டரம்மா சொல்லியிருக்காக.”

இருதயமேரி மட்டும் அழவில்லை. “நீ எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் என் செபப் புத்தகத்துக்குள்ள இருக்குட்டி. ரெண்டு செம்புக்கு ஒரு சொட்டுக் கொறையாம, வேண்டாம்னு வாய் சொன்னாலும் விடாமக் குடிச்சேன். நீ நல்லதுக்குத்தான் எழுதியிருப்ப. தெரியாமச் செஞ்சத நான் என்னன்னு சொல்ல? சரி, இத எப்பக் கண்டுபிடிச்ச?”

பூமயில் நிமிர்ந்து பார்த்தாள். “பதினோரு நாள் ஆச்சு.”

“பதினோரு நாளா உனக்குத் தெரியும்?”

“தெரியும்.”

“நாங்க பதினோரு நாளா இந்தப் பிள்ளைக்கு ஊத்திக் கொடுத்துக்கிட்டு இருக்கோம்.”

அறை பளீரென்று விழுந்தது. இருதயமேரியின் கை பனிக்கட்டி வெட்டிய கை. பூமயிலின் காது இரண்டு நாள் இரைந்துகொண்டே இருந்தது. அவள் கன்னத்தைக்கூடத் தொட்டுக்கொள்ளவில்லை. வலி வந்ததே ஒரு நிம்மதியாக இருந்தது.

தண்ணீரைக் கீழே கொட்டுகிற பழக்கம் கிடங்கில் கிடையாது, எப்பேர்ப்பட்ட ஆத்திரத்திலும். இருதயமேரி தன் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், வெளியே நடந்தாள். மற்றவர்களும் தூக்கினார்கள். போகிற வழியெல்லாம் கதவு திறந்தது, கட்டிலுக்கு அடியில் இருந்த குடமெல்லாம் வெளியே வந்தது. தேவசகாயம் தன் அறைக் கதவைத் திறந்தபோது வாசலில் எண்பத்து மூன்று குடம். ஒவ்வொரு குடத்திலும் டிகிரி என்ன என்று அவரே குழாயை விட்டுப் பார்த்து, அவரே சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும் என்றாள் இருதயமேரி. எண்பத்து மூன்றையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் நகரவில்லை. இருபதாவது குடத்தில் அவர் அழ ஆரம்பித்தார். அழுதுகொண்டே சொன்னார்.

விசாரணை நடந்தது. தேவசகாயத்தைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அந்தச் சின்னக் குழாயை அறுத்து அடைத்தார்கள். பூமயிலின் கையெழுத்து அதிகாரத்தைப் பறித்தார்கள். சோதனைக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஊரில் சிலர் அவளோடு பேசினார்கள், சிலர் பேசவில்லை. இருதயமேரி எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

ராக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்றாம் தொட்டித் தண்ணீரைக் குடித்தாள். பத்தாம் நாள் பதினொன்று. இருபதாம் நாள் ஆறு. பிள்ளை வளர்ந்ததா என்று ஒவ்வொரு வாரமும் நஸீமா அளப்பார், பூமயில் ஆஸ்பத்திரிக் கதவுக்கு வெளியே நிற்பாள். முதல் இரண்டு வாரம் அவர் இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார். மூன்றாம் வாரம், “அரை விரக்கடை கூடியிருக்கு” என்றார். பூமயில் அந்தக் கதவிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

நாள் நிறைவதற்கு இரண்டு வாரம் முன்னால் பெண் குழந்தை பிறந்தது. சின்னது. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் போட்ட கூச்சலில் நடைவழி முழுக்க ஆள் கூடிவிட்டது.

சேனை வைக்க வேண்டுமே. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிறவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது நம் ஜனங்களின் எண்ணம். அதனால் யார் வைப்பது என்பது லேசான விஷயம் இல்லை. டாக்டரம்மா முகத்தைச் சுளித்து, “ஒரே ஒரு துளி, அதுக்கு மேல கூடாது” என்று விட்டுக்கொடுத்தார். அத்தைக்காரி என்ற முறையில் பூமயில்தான் வைப்பாள் என்று சிலர் நினைத்தார்கள். பூமயில் கடைசி வரிசையில் சுவரோடு சுவராக நின்றிருந்தாள்.

“மேரியக்கா வைக்கட்டும்” என்றாள் ராக்கு. “தப்பு செஞ்சது யாரா இருந்தாலும் அறைய ஒரு கை வேணும். என் பிள்ளைக்கு அது வரட்டும்.”

இருதயமேரி குழந்தையிடம் வந்தாள். குனிந்து அதன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தம்ளரைக் கையில் எடுத்தாள். யாரோ சீனி டப்பாவை நீட்டினார்கள்.

“சீனி வேண்டாம்” என்றாள் அவள். “இனிப்பு நாம பார்த்தாச்சு. வெறும் தண்ணி போதும்.”

விரலைத் தண்ணீரில் நனைக்கப் போனவள் நிறுத்தினாள். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். ஜனங்கள் விலகி வழி விட்டார்கள். பத்து வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பூமயிலின் கண்ணைப் பார்த்துத் தம்ளரை நீட்டினாள்.

“டிகிரி பாரு.”

பூமயில் முன்னால் வந்தாள். அந்தக் குழாய் எப்போதும் அவள் இடுப்பில்தான் இருந்தது. எடுத்துத் துடைத்து, தம்ளருக்குள் விட்டாள். அது ஆடி, அடங்கி, நின்றது. குனிந்து ஒரு தடவை பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“சைபர்” என்றாள்.

“எனக்கு மட்டும் கேட்டாப் போதாது” என்றாள் இருதயமேரி. “எல்லாருக்கும் கேக்கச் சொல்லு.”

பூமயில் மூச்சை இழுத்துக்கொண்டு, நடைவழியின் கடைசியில் நிற்கிறவருக்கும் கேட்கும்படி, சத்தமாகச் சொன்னாள்.